மெழுகுவர்த்திதான், பல்பு இல்லை

லண்டன் ஒயிட்சேப்பல் ரயில் நிலைய வாசலில் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தோடு வங்காளத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். 2022 மார்ச்சில் வந்த பலகை. எனக்கு வங்காளம் வாசிக்க வராது. இருந்தாலும் அந்தப் பக்கம் போகும் நாட்களில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். பிழைக்க வந்த ஊரில் ஒருவர் தன் எழுத்தைப் பொது இடத்தில் ஏற்றி வைத்திருப்பதைப் பார்த்தால் பொறாமை கலந்த ஒரு சந்தோஷம் வருமே, அது.

அந்த நவம்பர் சனிக்கிழமை நான் போனது நாடகம் பார்க்க. அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி ஒரு பையன் இருக்கிறான். இங்கேயே பிறந்தவன். தாத்தா பாட்டி வங்கதேசத்தில் சில்ஹெட் பக்கம். சில வாரங்களாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு காகிதத்தைப் பார்த்துத் தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் வங்காள வசனம். அவனுக்கும் வங்காளம் வாசிக்க வராது என்று அப்போதுதான் தெரிந்தது.

"மேடை ஏற பயமா?" என்று கேட்டேன்.

"மேடை பயமில்லை. நானி வராங்க, அதான்."

நானி என்றால் அம்மாவின் அம்மா. பேரன் நடிப்பதைப் பார்க்கப் பாட்டி வந்தால் என்ன பயம்? அவன் சொன்ன காரணம் எனக்கு உடனே விளங்கவில்லை. வசனம் முழுக்க 'சுத்தோ பாங்க்லா'வில் இருக்கிறது, அதாவது சுத்தமான வங்காளம், புத்தக வங்காளம். நானி பேசுவது சில்ஹெட்டி. "நான் ஏதோ நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கும். நானி சிரிச்சிடுவாங்க" என்றான்.

சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

விழாவின் பெயர் 'எ சீசன் ஆஃப் பங்களா டிராமா'. 2003இல் தொடங்கியது. டவர் ஹாம்லெட்ஸ் நகராட்சியின் கலைப்பிரிவு நடத்துகிறது. பக்கத்தில் இருக்கும் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை கைகொடுக்கிறது. நவம்பர் வந்தால் அந்த வட்டாரத்தில் இருக்கும் சின்னச் சின்ன அரங்குகளில் அடுத்தடுத்து நாடகங்கள். தொழில்முறை நடிகர்களும் உண்டு. ஆனால் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடிவருகிறவர்கள்தான் விழாவின் உயிர். டவர் ஹாம்லெட்ஸ் மக்களில் மூன்றில் ஒருவர் வங்கதேச வழியினர் என்பது 2021 கணக்கெடுப்பு. அவர்களிலும் பெரும்பாலோர் சில்ஹெட்காரர்கள்.

ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதம். சந்தையில் கடைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாத்கரா என்று ஒரு காய், நம் நாரத்தங்காய்க்கு அண்ணன் மாதிரி இருக்கும், அந்தப் பெட்டிகளை ஒருவர் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதன் தோலைத் துண்டு போட்டு மாட்டுக்கறியோடு வேகவைத்தால்தான் சில்ஹெட்காரர்களுக்கு அது விருந்து. நேரம் இருந்ததால் பிரிக் லேன் வரை நடந்தேன்.

அங்கே பிரின்ஸ்லெட் தெரு என்று ஒரு சின்னத் தெரு. 1886இல் ஒரு கசாப்புக்கடைக்காரர் பணம் போட்டு இங்கே ஒரு நாடகக் கொட்டகை கட்டினார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த யூதர்களுக்கான கொட்டகை. நாடகங்கள் இத்திஷ் மொழியில். வீட்டில் பேசுவது இத்திஷ்தான் என்றாலும், படித்த யூதர்கள் பலர் அதை மொழியாகவே மதிக்கவில்லை. 'ஜார்கன்' என்பார்கள், கொச்சை என்று அர்த்தம். ஆனால் பகலெல்லாம் தையல் மெஷினில் குனிந்திருந்தவர்களுக்கு இரவில் அழவும் சிரிக்கவும் அந்தக் கொச்சைதான் வேண்டியிருந்தது. 1887 ஜனவரி 18 அன்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது யாரோ 'தீ' என்று கத்த, கூட்டம் வாசலுக்குப் பாய்ந்தது. தீ எதுவும் இல்லை. நெரிசலில் 17 பேர் செத்துப்போனார்கள். அந்தக் குழுவின் நாயகன் ஜேக்கப் ஆட்லர் அப்புறம் நியூயார்க் போய்ப் பெரிய நடிகராகிவிட்டார். லண்டனில் இத்திஷ் நாடகம் மெல்ல மெல்லத் தேய்ந்து, கமர்ஷியல் ரோட்டில் இருந்த கிராண்ட் பாலே 1970இல் மூடியதோடு முடிந்தது.

அன்று நான் போகவேண்டியிருந்த பிரேடி கலை மையமும் பழைய யூதக் கட்டடம்தான். 1935இல் யூதப் பெண்பிள்ளைகளின் மன்றமாகத் திறந்தது. இப்போது அதன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் சமோசா வாசனை.

சமோசாவோடு ஹந்தேஷும் வைத்திருந்தார்கள். அரிசிமாவும் வெல்லமும் கலந்து எண்ணெயில் ஊற்றினால் உப்பி வருமே, அதுதான். எங்கள் ஊரில் அப்பம் என்போம். கொல்கத்தாக்காரர்கள் 'சந்தேஷ்' என்று சொல்லும் பால் இனிப்புக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. 'ச' இங்கே 'ஹ' ஆகிவிட்டது. சில்ஹெட்டியின் வேலையே இதுதான். 'ப' எல்லாம் 'ஃப'. பானி என்கிற தண்ணீர் ஃபானி. சாச்சா என்கிற சித்தப்பா ஸாஸா. (தமிழில் ஒரே 'ச'வை வைத்துக்கொண்டு இரண்டு ஒலியையும் சமாளிக்கிற நமக்கு இது பெரிய ஆச்சரியமில்லை.) பாலோ, அதாவது நல்லது, பாலா. சொல்லின் முதுகைத் தட்டி மூச்சுக்காற்றை வெளியே எடுத்துவிட்ட மாதிரி ஒரு பேச்சு. ஒரு காலத்தில் சில்ஹெட்டி நாகரி என்று தனி எழுத்துகூட இதற்கு இருந்தது. டாக்காவில் கேட்டால் பாதிப் பேர் 'கிராமத்துப் பேச்சு' என்பார்கள். மொழி அறிஞர்களில் பலர் 'இது தனி மொழி' என்பார்கள். இந்தச் சண்டையில் தலையிட எனக்குத் தகுதியில்லை.

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள், அறுபதை நெருங்கும் வயது. டாக்கா நண்பர் ஒருவரிடம் பழகிய பழக்கத்தில் 'ஆபா' என்று கூப்பிட்டேன், அக்கா என்று பொருள். அவர் சிரித்தார். "எங்க ஊர்ல ஆஃபா." அதற்கப்புறம் இரவு முழுக்க அவர் எனக்கு ஆஃபா, நான் அவருக்கு ஃபுயா, பையன். நாற்பது தாண்டியவனைப் பையன் என்று சொல்ல ஆள் இருப்பது எவ்வளவு நல்ல விஷயம்! எனக்கு மொழி தெரியாது என்றதும், காதோரமாகச் சொல்லிக்கொண்டே வருகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டார். காதோரம் என்பது அவர் கணக்கு. மூன்று வரிசைக்குக் கேட்டது.

நாடகம் நேரத்துக்குத் தொடங்கவில்லை. முதலில் ஒரு நடனம், கொஞ்சம் நீளம். ஒரு பக்கத்து மைக் வேலை செய்யவில்லை. ஊர்க்காரர்கள் போடும் நாடகம்தானே என்று குறையைச் சொல்லாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை. முதல் இருபது நிமிடம் எனக்கு அலுத்தது. ஓர் அம்மா மேடை நடுவில் நின்று ஆற்றையும் நெல்வயலையும் பிறந்த மண்ணையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். வார்த்தைகள் அழகாக இருந்திருக்க வேண்டும். ஆஃபாகூட மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பையில் எதையோ தேடினார்.

அப்புறம் கதைக்குள் வந்தார்கள். கதை நடப்பது 1976இல், இதே தெருக்களில்.

அந்தக் காலத்தை இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். சில்ஹெட் ஆண்கள் லண்டனுக்கு வந்த கதை கப்பலில் தொடங்குகிறது. கொல்கத்தாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயர் கப்பல்களின் அடித்தளத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்டவர்களில் நிறையப் பேர் அவர்கள். நம் கதைகளில் ஏழு கடல் ஏழு மலை தாண்டுவார்கள். வங்காளக் கதைகளில் ஏழு கடலும் பதின்மூன்று ஆறும். அப்படித் தாண்டி வந்தவர்கள் கிழக்கு லண்டனில் தையல் வேலையும் ஓட்டல் வேலையும் பார்த்து, ஒரே கட்டிலில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டுமாக மாறிமாறிப் படுத்து வாழ்ந்தார்கள். 1971 போருக்குப் பிறகு மனைவி மக்கள் வரத் தொடங்கினார்கள். குடும்பத்துக்குக் கட்டில் பங்கு போதுமா? நகராட்சி வீட்டுக்கான வரிசை நகரவில்லை. கிடைத்தாலும், இனவெறியர்கள் கதவில் மலத்தைப் பூசிவிட்டுப் போகும் அடுக்ககங்களில் கிடைத்தது. அதே சமயம் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் வீடுகள் பூட்டிக் கிடந்தன, இடிக்கப்படுவதற்காக. குடும்பம் குடும்பமாகப் பூட்டை உடைத்துக் குடியேறினார்கள். அதற்கென்றே 1976இல் ஒரு சங்கம், பெங்காலி ஹவுசிங் ஆக்‌ஷன் குரூப். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'பாக்'. வங்காளத்தில் பங்கு என்று பொருள். காதில் கொஞ்சம் தட்டினால் புலி. பெல்ஹாம் பில்டிங்ஸ் என்ற ஒரு முழு அடுக்ககமே இப்படிப் பிடிக்கப்பட்டது. மறு வருடம் மாநகர நிர்வாகம் குடியேறியவர்களுக்குப் பொது மன்னிப்பு அறிவித்து வீடு கொடுக்க வேண்டியதாயிற்று.

நாடகத்தில் அப்படி ஒரு வீட்டின் முதல் இரவு. எங்கள் அலுவலகப் பையன்தான் குடும்பத் தலைவன். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கடப்பாரையோடு உள்ளே வருகிறான். மேடையின் நடுவில் ஒரு பல்பு தொங்கியது. சுவிட்சைத் தட்டுகிறான்; மஞ்சள் வெளிச்சம் பரவுகிறது. அழகான காட்சி என்று இயக்குநர் நினைத்திருப்பார்.

"கிதா!" என்றார் ஆஃபா. என்னது என்று பொருள். இது எனக்குச் சொன்னதல்ல, மேடைக்குச் சொன்னது. "கரன்ட் ஏது அன்னிக்கு? கரன்ட்டை வெட்டிட்டுத்தானே பூட்டிட்டுப் போவான்? மெழுகுவர்த்திதான்."

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் ஆமாம் என்றது. இன்னொருவர், "நாலாம் நாள் ஒருத்தர் வந்து கம்பி மாட்டிக் கொடுத்தார்" என்றார். ஆஃபா திரும்பி, யார் என்று கேட்டார். அவர் பெயர் சொன்னார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். மேடையில் பாவம் அந்தக் குடும்பம் பல்பு வெளிச்சத்தில் காத்துக்கொண்டு நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் அந்த வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவர். கேட்டேன். பெல்ஹாம் பில்டிங்ஸ், மூன்றாவது மாடி, அப்போது வயது ஒன்பது என்றார். சொல்லிவிட்டு மறுபடி மேடையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்தது தண்ணீர்க் காட்சி. சின்னப் பெண் தண்ணீர் கேட்கிறாள். குழாயைத் திருகுகிறான், வரவில்லை. இங்கே பையனுக்கு ஒரு வசனம். புத்தக வங்காளத்தில், முழு வாக்கியமாக. நான் மதிய வேளைகளில் நூறு தடவை அதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறந்தவன் அதைச் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்த்துக் கையை விரித்து, "ஃபானி நாய்" என்றான்.

தண்ணி இல்லை என்று பொருள். நம் நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அரங்கில் சட்டென்று ஒரு சிரிப்பு. கேலிச் சிரிப்பு இல்லை. வீட்டுக்குள் தெரிந்த ஆள் நுழைந்தால் வருகிற சிரிப்பு. ஒரு கிழவி முதல் வரிசையிலிருந்து எதையோ உரக்கச் சொன்னார். "பக்கத்து வீட்டில் போய்க் கேளு என்கிறாள்" என்று ஆஃபா மொழிபெயர்த்தார். அந்தக் கிழவிதான் நானி என்று பிறகு தெரிந்தது. பையன் ஒரு கணம் தடுமாறினான். அப்புறம் நாடகத்தில் இல்லாத ஒன்றைச் செய்தான். நானி சொன்ன பக்கமாகத் திரும்பி, இல்லாத கதவைத் தட்டினான்.

அங்கிருந்து நாடகம் வேறு நாடகமாகிவிட்டது. மனைவியாக நடித்த பெண்ணும் சில்ஹெட்டிக்கு மாறினார். பிள்ளைகள் ஏற்கெனவே பாதி ஆங்கிலம்தான், கிழக்கு லண்டன் ஆங்கிலம், வாக்கியத்துக்கு ஒரு 'இன்னிட்'. புத்தக வசனத்தில் விறைத்து நின்ற உடம்புகள் இளகிவிட்டன. கைகள் எங்கே போகவேண்டுமோ அங்கே போயின. மொழி தெரியாத எனக்கே அது கண்ணுக்குத் தெரிந்தது.

நடிப்பு முடிந்ததும் நாற்காலிகளை மேடையில் போட்டுக் கலந்துரையாடல். இந்த விழாவில் பாதி ருசி இதில்தான். முதல் கேள்வி சால்வை போர்த்திய ஒரு பெரியவருடையது. நல்ல ஆங்கிலத்தில் கேட்டார்: நடுவிலிருந்து ஏன் மொழி கெட்டுப்போனது? நம் பிள்ளைகள் நல்ல வங்காளம் கேட்பதற்கு வருடத்தில் இந்த ஒரு மாதம்தான் இருக்கிறது, அதிலும் இப்படியா?

எனக்குக் கோபம் வந்தது, உண்மை. பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் 'என்ன மக்கா' என்று நாகர்கோவில் பேச்சைச் சொல்லிவிட்டுக் காது திருகப்பட்டவன் நான். ஆனால் அவர் பக்கமும் ஒரு கதை இருக்கிறது, அது சின்னக் கதை அல்ல.

1952 பிப்ரவரி 21 அன்று, அப்போது பாகிஸ்தானில் இருந்த டாக்காவில், உருது மட்டும்தான் ஆட்சிமொழி என்பதை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்களைச் சுட்டார்கள். அதைக் கண்டித்ததற்காகச் சிறையில் போடப்பட்டவர்களில் ஒருவர் பல்கலைக்கழக ஆசிரியர் முனீர் சவுத்ரி. மறு வருடம் அந்த நாளுக்குச் சிறைக்குள்ளேயே ஒரு நாடகம் போடவேண்டும் என்று உடன் கைதிகள் கேட்க, அவர் எழுதியதுதான் 'கபர்', கல்லறை. செத்தவர்கள் புதைகுழிக்குள் போக மறுக்கும் கதை. இரவு விளக்கணைத்த பிறகு, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், டாக்கா மத்தியச் சிறையில் கைதிகளே அதை நடித்தார்கள். வெளிச்சம் அவ்வளவுதான் கிடைக்கும் என்று தெரிந்து, அதற்கேற்ற மாதிரியே எழுதியிருந்தார். 1971 டிசம்பர் 14 அன்று, வங்கதேச விடுதலைக்கு இரண்டு நாள் முன்னால், அவரைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள்.

சால்வைப் பெரியவருக்கு வங்காளம் என்றால் இதெல்லாம்தான். பிரேடி மையத்திலிருந்து சற்று நடந்தால் அல்தாப் அலி பூங்கா. அங்கே டாக்கா தியாகிகள் சின்னத்தின் சிறிய வடிவம் ஒன்று நிற்கிறது. 1978 மே 4 அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் குத்திக் கொல்லப்பட்ட தையல் தொழிலாளி அல்தாப் அலி. பத்து நாள் கழித்து அவர் சவப்பெட்டியின் பின்னால் சுமார் 7,000 பேர் நடந்தார்கள். மொழிக்காகச் செத்தவர்களுக்கும் நிறத்துக்காகக் கொல்லப்பட்டவருக்கும் ஒரே பூங்காவில் இடம். மொழிப்போர் நினைவுள்ள ஊரிலிருந்து வந்த எனக்கு அந்தப் பெரியவரின் பதற்றம் அந்நியமில்லை.

இருந்தாலும் அந்தப் பையன்? வீட்டில் சில்ஹெட்டி, பள்ளியில் ஆங்கிலம், வாரக் கடைசி வகுப்பில் 'உன் தாய்மொழி' என்று சொல்லிக் கொடுத்தது வீட்டில் யாரும் பேசாத வங்காளம். எதிலும் முழுதாகக் கால் ஊன்றாமல் வளர்ந்தவன், மேடையில் ஒரு நொடி ஊன்றினான். அதை மொழி கெட்டுப்போனது என்பதா?

பெரியவருக்குப் பதில் சொன்னது இயக்குநர். டாக்கா நாடகக் குழுக்களில் பழகியவர், சுத்தோ பாங்க்லாவில் வசனத்தை எழுதியவரும் அவரே. ஒத்திகையில் உச்சரிப்புக்காகப் பையனைப் படாதபாடு படுத்தியிருக்கிறார். "அந்த வரியை நான் எழுதவில்லை" என்றார். "நான் எழுதிய எந்த வரிக்கும் இன்றைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குச் சொன்னார்கள்." பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த கை ஆஃபாவுடையது. மொழியைப் பற்றி அவருக்கு எதுவும் சொல்ல இல்லை. பல்பைப் பற்றித்தான். எந்தத் தெரு, எந்த மாடி, மெழுகுவர்த்தியை எதில் நட்டு வைத்தார்கள் (சாஸரில்), அம்மா அதை எந்நேரமும் ஏன் கையிலேயே வைத்திருந்தார் (சின்னத் தம்பி தட்டிவிடுவான் என்று), எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் பேசினார். கலந்துரையாடலை நடத்தியவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பையன் மட்டும் வசனக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தான்.

வெளியே கூடத்தில் நானியைப் பார்த்தேன். பேரன் எப்படி என்று கேட்கச் சொல்லி ஆஃபாவை அனுப்பினேன். நானி நீளமாக ஏதோ சொன்னார். ஆஃபா சுருக்கினார்: "நல்லா பண்ணினான். ஆனா கடப்பாரையைப் பிடிக்கத் தெரியலை. இவன் தாத்தா அப்படிப் பிடிக்க மாட்டார்."

மறுநாள் ஞாயிறு மாலை இரண்டாவது ஆட்டம். என்னால் போக முடியவில்லை. திங்கட்கிழமை மதியம் பையன் தன் சாப்பாட்டு டப்பாவோடு என் மேசைக்கு வந்தான். மூடியில் நாலு ஹந்தேஷ், ஆஃபா கொடுத்தனுப்பியது.

"பல்பு?" என்றேன்.

"கழட்டியாச்சு. மெழுகுவர்த்தி ஏத்த அரங்கத்துல விடலை, தீ விதியாம். பேட்டரி மெழுகுவர்த்தி வாங்கினோம்."

"ஆஃபா என்ன சொன்னாங்க?"

"அது ஆடவே இல்லைன்னாங்க."